செவிக்கு வழி காட்டிய சங்கு

ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்துக்கு அருகே காம்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1940-ம் ஆண்டுகளில் அந்த ஊரில் காலின் கிளார்க் என்பவர் மருந்துக் கடை நடத்தி வந்தார். அவருக்குக் காது மந்தம்.

மளிகைக் கடைக்காரருக்குக் காது மந்தமாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஜாடை காட்டிச் சமாளித்துவிடலாம். மருந்துக் கடை அப்படி அல்லவே! கடைக்கு வருகிற எல்லோரும் தலைவலி மாத்திரையா கேட்பார்கள்? பக்கத்தில் நிற்பவர் காதில் விழக்கூடாத சாமான்களும் உண்டு. வந்தவர் மெல்லக் குனிந்து, தணிந்த குரலில் கேட்பார். "என்ன? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்" என்பார் கடைக்காரர். அவர் உரக்கச் சொன்னால் கடை முழுவதும் கேட்கும். சிலர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடையில் உதவிக்கு நின்ற மகன் கிரேம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வாடிக்கைக்காரர் முகம் சிவப்பதையும் பார்த்தான். அப்பா முகம் வாடுவதையும் பார்த்தான். இரண்டாவதுதான் அவன் மனத்தில் தைத்தது.

"பெரியவனானதும் என்ன செய்யப் போகிறாய்?" என்று ஆசிரியை கேட்டபோது, காதுகளைச் சரி செய்யப் போவதாக அவன் பதில் சொன்னான். அப்போது அவனுக்கு வயது ஐந்து!

காதுக்குள் ஒரு நத்தை

காது என்றதும் வெளியே தெரியும் மடல்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையான வேலை நடப்பது உள்ளே. மண்டை எலும்புக்குள் நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கிறது. பட்டாணி அளவுதான் இருக்கும். இதற்குக் 'காக்ளியா' என்று பெயர். இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுருண்டிருக்கும். நீட்டிப் பார்த்தால் சுமார் 35 மில்லி மீட்டர்.

அந்தச் சுருளுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. சுமார் 15 ஆயிரம் உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலையில் மெல்லிய மயிர் போன்ற இழைகள் உண்டு. வயலில் காற்றடித்தால் நெற்பயிர் சாய்கிறது அல்லவா? அது போல ஒலி வந்ததும் இந்த இழைகள் சாய்கின்றன. அந்த அசைவு மின்சாரத் துடிப்பாக மாறி, நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. அப்போதுதான் நமக்குக் கேட்கிறது.

எந்த ஒலியை எந்த இடம் வாங்குகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. ஹார்மோனியப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு சுரம் இருப்பது போல, சுருளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு ஒலி. விசில் போன்ற கீச்சுக் குரலை வாசல் பக்கமும், தவில் போன்ற கனத்த ஒலியை உள்நுனியும் வாங்கிக்கொள்கின்றன. இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஜார்ஜ் வான் பெக்கேசி. அவர் டாக்டர் அல்ல. புடாபெஸ்ட் நகரில் டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர்! இறந்தவர்களின் காதுகளைத் திறந்து, ஒலி அலை சுருளுக்குள் ஓடுவதைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். 1961-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. அங்கேதான் கஷ்டம். மூளைக் காய்ச்சல், பொன்னுக்கு வீங்கி, தலையில் பலத்த அடி, ஓயாத இயந்திர இரைச்சல், சில ஊசி மருந்துகள் ஆகியவற்றால் இவை அழியலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இவை வேலை செய்வதில்லை.

காது மந்தமானவருக்குச் செவிக் கருவி உதவும். அது ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது. மயிரணுக்கள் அடியோடு அழிந்தவருக்கு எவ்வளவு பெரிதாக்கி என்ன பயன்? வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இல்லையே!

மின்சாரம் கேட்குமா?

ஆள் இல்லாவிட்டால், நரம்பையே நேராகத் தட்டினால் என்ன? இந்த யோசனை பழையது. மின்கலத்தைக் கண்டுபிடித்த இத்தாலி நாட்டு வோல்டா, தம் இரு காதுகளிலும் உலோகக் குச்சிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. பிறகு கூழ் கொதிப்பது போன்ற சத்தம். 1800-ல் இதை எழுதி வைத்த அவர், ஆபத்து என்று அதோடு விட்டுவிட்டார்.

1957-ல் பாரிஸ் நகரில் ஜுர்னோ, எய்ரியே என்ற இருவர், முழுச் செவிடான ஒருவரின் நரம்பில் கம்பி வைத்து ஒலி கேட்கச் செய்தார்கள். 1961-ல் அமெரிக்காவில் டாக்டர் வில்லியம் ஹவுஸும் இதைச் செய்தார். நோயாளிகளுக்குச் சத்தம் கேட்டது. பேச்சு விளங்கவில்லை. கதவு தட்டுவது தெரியும். தட்டியவர் என்ன சொன்னார் என்பது தெரியாது.

மருந்துக் கடைக்காரர் மகன் கிரேம் கிளார்க் இதற்குள் காது, மூக்கு, தொண்டை டாக்டராகி மெல்போர்ன் நகரில் நல்ல வருமானத்தோடு இருந்தார். 1966-ல் இந்த ஆராய்ச்சி பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். மறு ஆண்டே தொழிலை விட்டார்! மனைவி மக்களோடு சிட்னிக்குப் போய், மறுபடி மாணவரானார். பூனைகளின் கேள்வி நரம்பை ஆராய்ந்து பட்டம் பெற்றார். அதில் ஒன்று தெளிவாயிற்று. ஒரே கம்பி வைத்தால் பேச்சு விளங்காது. ஒற்றைக் கட்டையை வைத்துக்கொண்டு ஹார்மோனியத்தில் பாட்டு வாசிக்க முடியுமா? சுருளின் பல இடங்களைத் தனித்தனியே தட்டும் பல கம்பிகள் வேண்டும்.

1970-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியர் ஆனார். பதவி கிடைத்ததே தவிர, பணம் கிடைக்கவில்லை. 15 ஆயிரம் உயிரணுக்கள் செய்த வேலையைப் பத்துக் கம்பி செய்யுமா என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் சிரித்தார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கிளார்க் உண்டியல் குலுக்காத குறை என்று சொல்வதற்கில்லை. உண்மையாகவே தெருவில் உண்டியல் குலுக்கினார்கள்! ஒரு தொலைக்காட்சி நிலையமும் நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டிக் கொடுத்தது.

புல்லும் சங்கும்

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. பட்டாணி அளவுச் சுருளுக்குள் கம்பிக் கற்றையை எப்படி நுழைப்பது? தள்ளினால் முதல் வளைவிலேயே முட்டிக்கொண்டு நின்றது. பலமாகத் தள்ளினால் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். நரம்பு போனால் எல்லாம் போயிற்று.

1977-ல் கிளார்க் விடுமுறைக்காகக் குடும்பத்தோடு மின்னமுரா என்ற கடற்கரைக்குப் போனார். குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணில் ஒரு சங்கு பட்டது. சுருண்டு சுருண்டு உள்ளே போகும் சங்கு; பார்த்தால் காக்ளியா மாதிரியே இருந்தது. பக்கத்தில் முளைத்திருந்த புல்லைக் கிள்ளி அதற்குள் நுழைத்துப் பார்த்தார்.

புல் தடையில்லாமல் வளைந்து வளைந்து உள்ளே போயிற்று!

நுனி துவள்வதால் அது வளைவோடு வளைந்து கொடுத்தது. அடி விறைப்பாக இருந்ததால் தள்ளினால் மடங்காமல் முன்னேறியது. கம்பிக் கற்றையையும் அப்படியே செய்ய வேண்டும்: நுனி மெத்தென்று, அடி விறைப்பாக. கோடைக் கடற்கரையில் எத்தனையோ பேர் சங்கு பொறுக்குகிறார்கள். பத்து வருடமாக ஒரே சுருளை நினைத்துக்கொண்டிருந்தவர் கையில் அது கிடைத்தது, அவ்வளவுதான்.

எழுந்து நின்றார்!

ராட் சாண்டர்ஸ் என்பவர் கார் விபத்தில் தலையில் அடிபட்டு, இரண்டு காதும் அடியோடு கேளாமல் போனவர். 1978 ஆகஸ்டு 1-ந் தேதி மெல்போர்ன் கண் காது ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து சுருளுக்குள் கம்பிகள். வெளியே உள்ள கருவி பேச்சை வாங்கி, ரேடியோ அலையாகத் தோல் வழியே உள்ளே அனுப்பும்.

புண் ஆறியதும் சோதனை தொடங்கியது. சாண்டர்ஸுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி செய்தார்கள். அப்போதும் இல்லை. அத்தனை வருட உழைப்பும் வீணா? எல்லோரும் இடிந்து போனார்கள். பிறகு பார்த்தால், சோதனைக் கருவியில் ஒரு சிறு பழுது! அதைச் சரி செய்ததும் ஒலி கேட்டது.

இன்னொரு நாள் தேசிய கீதத்தின் மெட்டைக் கருவி வழியே அனுப்பினார்கள். என்ன பாட்டு என்று யாரும் சொல்லவில்லை. சாண்டர்ஸ் விறைப்பாக எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் கருவியின் கம்பிகள் பிடுங்கிக்கொண்டன!

பாட்டு சரி, பேச்சு? மனிதப் பேச்சில் முக்கியமான ஒலிக்கூறு எது என்று பார்த்து, அதற்குரிய இடத்துக் கம்பியை மட்டும் தட்டும்படி கிளார்க்கின் கூட்டத்தார் ஒரு முறை வகுத்தார்கள். உதட்டைப் பார்க்க விடாமல் சொற்களைச் சொன்னார்கள். சாண்டர்ஸ் சிலவற்றைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். கிளார்க் பக்கத்து அறைக்குப் போய், மகிழ்ச்சி தாங்காமல் அழுதுவிட்டார்.

குழந்தைகள்

1985-ல் இந்தக் கருவியைப் பெரியவர்களுக்குப் பொருத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 1990-ல் இரண்டு வயது முதல் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. உலகில் இதுவரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இதனால் பழைய காது அப்படியே திரும்பி வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேசிப் பழகிய பெரியவருக்கு முதலில் எல்லாக் குரலும் கரகரத்த ரேடியோ போலக் கேட்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பழகினால்தான் தெளியும். சங்கீதத்தை ரசிப்பது பலருக்குக் கடினம்.

பிறவியிலேயே கேளாத குழந்தையின் நிலை வேறு. மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் பருவம் முதல் சில ஆண்டுகள்தான். அது தாண்டிய பின் கருவி வைத்தால் ஒலி கேட்கும். ஆனால் அது மொழியாக விளைவது கடினம். "எங்கள் வீட்டில் எல்லோரும் தாமதமாகத்தான் பேசினோம்" என்று பாட்டி சொல்வதை நம்பிக் காத்திருந்து காலத்தைக் கோட்டை விட்ட பெற்றோர் உண்டு. கைதட்டினால் குழந்தை திரும்புகிறதா என்று பார்ப்பதும் போதாது. பிறந்த சில நாட்களிலேயே கருவி வைத்துக் காதைச் சோதிக்கலாம். குழந்தைக்கு வலி கிடையாது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் இலவசமாகவே செய்யப்படுகிறது. ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடாது. பேச்சுப் பயிற்சிக்கு ஒழுங்காக அழைத்துப் போகிற தாயின் உழைப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

கேளாதோரில் ஒரு சாரார் இந்தக் கருவியை விரும்புவதில்லை. கைச்சாடை மொழி எங்களுக்கு முழுமையான மொழி, நாங்கள் நோயாளிகள் அல்ல என்கிறார்கள். அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதுதான்.

கம்பியே இல்லாமல் காதைத் திருத்தவும் ஆராய்ச்சி நடக்கிறது. மனிதனுக்கு முளைக்காத மயிரணு, கோழிக்கும் காடைக்கும் மறுபடி முளைக்கிறது என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள். 2024-ல் ஷாங்காய் டாக்டர்கள், ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறையால் கேளாமல் பிறந்த 6 குழந்தைகளின் உட்காதில் நல்ல மரபணுவைச் செலுத்தியதையும், அவர்களில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியதையும் வெளியிட்டார்கள்.

சாண்டர்ஸின் முதல் கருவி பிற்பாடு பழுதாகி, புதியது வைக்கப்பட்டது. அவர் 2007-ல் காலமானார். தம் காதுகளை அவர் ஆராய்ச்சிக்கே எழுதி வைத்திருந்தார். அத்தனை வருடம் உள்ளே இருந்த கம்பிகள் என்ன செய்திருக்கின்றன என்று கிளார்க்கும் அவர் கூட்டத்தாரும் அந்தச் சுருளைத் திறந்து பார்த்து, 2014-ல் அறிக்கை எழுதினார்கள்.