மனநோயை அளக்கும் கோல்

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இல்லாத குரலைக் கேட்டு அஞ்சும் ஒருவருடைய நோய் நேற்றிலும் இன்று தணிந்ததா என்பதை எதனால் அளப்பது?

1962 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஓவரோல், கோர்ஹம் என்னும் இருவர் 16 குறிகள் கொண்ட அளவுகோலொன்றை வகுத்தனர். 1987 இல் கே என்பாரும் துணைவர் இருவரும் வெளியிட்ட கோலோ 30 குறிகளை உடையது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியுடன் ஆறுதலாக உரையாடி, வீட்டாரோ தாதியரோ கூறுவதையும் கேட்டு, ஒவ்வொரு குறிக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிடுவார்.

அவற்றுள் 7 குறிகள் பொய்த்தோற்றம், வீண் ஐயம் முதலியன. வேறு 7, உணர்ச்சி மங்கல், பேச்சுக் குறைதல், பிறரை விட்டு ஒதுங்குதல் போன்றவை. எஞ்சிய 16, பதற்றம் முதலான பொதுக் குறிகள். இரண்டாம் வகையைத் தனியே எண்ணியதையே யான் பெரிதாக மதிக்கின்றேன். கூச்சலிடுபவரை ஊரே கவனிக்கும். மூலையில் வாளாவிருப்பவரைக் குணமடைந்தார் என்று வீட்டார் விட்டுவிடுவர். வகுப்பறையிலும் குழப்படிக்காரனின் பெயர்தானே ஆசிரியருக்கு முதலில் மனனமாகிறது!

இக்கோலில் பூச்சியம் இல்லை. நோயே இல்லாதவருக்கும் 30 புள்ளி வரும். ஆதலால் 90 புள்ளி 60 ஆனால், நோய் மூன்றிலொரு பங்கு தணிந்தது என்பது பிழை. இரண்டிலும் 30ஐக் கழித்துப் பாருங்கள்: 60 என்பது 30 ஆயிற்று, தணிந்தது சரிபாதி. மருந்தொன்று பயன் தந்ததா என்னும் தீர்ப்பே சிலவேளை இக்கழித்தலில் தங்கியிருக்கும். ஆய்வாளர் சிலரே இதனை மறந்து கணித்ததுண்டு. என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்.