இலை உதிராத இலையுதிர்காலம்

பாடப் புத்தகத்தில் 'இலையுதிர்காலம்' என்று படித்துவிட்டுத் தில்லிக்கு வரும் தமிழ் மாணவர், அக்டோபர் மாதத்தில் மரங்களை அண்ணாந்து பார்த்தால் வியப்படைவார். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வேம்பும் அரசும் பச்சைப் பசேலென்றே நிற்கின்றன. அவை இலை உதிர்ப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில்தான். குளிர்நாட்டார் பருவத்திற்கு இட்ட பெயரை நாம் மொழிபெயர்த்துக்கொண்டோம். தில்லி மரங்கள் அதற்குக் கட்டுப்படவில்லை!

அப்படியானால், இங்கே பருவம் மாறியதை எதைக் கொண்டு அறிவது? மாலைதோறும் விடுதியிலிருந்து கமலா நகர் வரை நடந்து வருபவன் என்ற முறையில் இரண்டு அடையாளங்களைச் சொல்வேன். ஒன்று மணம், மற்றொன்று புகை.

மணம் ஏழிலைப்பாலையினுடையது. ஒரு கணுவைச் சுற்றிப் பெரும்பாலும் ஏழு இலைகள் வட்டமாக அமைந்திருப்பதால் வந்த பெயர் இது. வடக்கே வழங்கும் 'சப்தபர்ணி' என்ற பெயருக்கும் ஏழு இலை என்பதே பொருள். நம் ஊர் அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இலையைக் கிள்ளினால் பால் வடியும். முன்னாளில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகும் பலகைகளை இதன் மரத்தால் செய்தார்கள். அதனால்தான் தாவர நூலார் இதன் பெயரில் 'ஸ்காலாரிஸ்' என்ற சொல்லைச் சேர்த்தனர். அக்டோபரில் பூக்கத் தொடங்கினால், இருட்டிய பின் தெருவே மணக்கும். சிலருக்கு அது இன்பம், சிலருக்குத் தலைவலி.

இனி, புகையைக் கவனிப்போம். நவம்பரில் குளிர் ஏற ஏற, இரவுக் காவலாளிகள் சுள்ளியும் காகிதமும் மூட்டிக் குளிர்காய்கிறார்கள். அந்தப் புகை சிறிது உயரம் எழுந்து, கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டியதுபோல் நின்று, பக்கவாட்டில் படர்கிறது. ஏன்?

பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே எழும். புகையும் அதனோடு போய்விடும். செப்டம்பர் இறுதிக்குள் தென்மேற்குப் பருவமழை தில்லியை விட்டு விலகிவிடுகிறது. பிறகு வானில் மேகம் குறைவு. காற்றில் ஈரமும் குறைவு. நவம்பர் நடுவில் மாலை 5.30 மணிக்குள் சூரியன் மறைந்ததும், தரை தன் வெப்பத்தைத் தடையின்றி வானுக்கு விட்டுவிட்டு விரைவில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்குகிறது; அதற்கு மேலே இருப்பதோ அதைவிடச் சூடான காற்று. இதனை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பர். புகை நாம் கண்ட கூரை இதுதான். அதே மாதங்களில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை. அங்கே மேகமே போர்வையாகித் தரையின் வெப்பத்தைக் காக்கிறது. மழை காற்றைக் கழுவுகிறது.

பூமணத்தைத் தெருவில் தங்க வைக்கும் அசைவற்ற காற்றேதான் புகையையும் தங்க வைக்கிறது. ஊர்திப் புகை, தீபாவளி வெடிப் புகை, பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கும் புகை எல்லாம் இந்தக் கூரையின் கீழ் சேர்கின்றன. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான 2.5 மைக்ரான் துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. ஒரு கனமீட்டர் காற்றில் இவை 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்திய அளவுகோல். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவோ 15. தில்லியில் நவம்பரின் பல நாட்கள் இரண்டையும் பல மடங்கு மீறுகின்றன.

விடியலில் எழுந்து ஓடும் நண்பர்களுக்கு ஒரு சொல். விடியற்காலைக் காற்று தூயது என்று நம் ஊரில் பெரியோர் சொல்வர். இந்த மாதங்களில் தில்லிக்கு அது பொருந்தாது. இரவெல்லாம் சேர்ந்த புகை அப்போதுதான் தரையில் கிடக்கிறது. வெயில் ஏறித் தரை சூடான பின், பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஓடுங்கள். காற்று மிகக் கெட்ட நாட்களில் ஓட்டத்தையே விட்டுவிடுங்கள்.

நாம் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். விடுதி வாயிற் காவலாளியால் அது முடியாது. அவர் மூட்டும் தீ சிறிது. ஆயினும் அதன் புகையை முதலில் உட்கொள்பவர் அவரே. நம் மன்றம் இவ்வாண்டு ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு நல்ல கம்பளியேனும் வாங்கித் தரலாகாதா?