அட்டிக்கில் எத்தனை அங்குலம்?

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பழைய வீடு வாங்கினால் கான்ட்ராக்டர் சொல்வது, "அட்டிக்ல ஆர்-60 போட்டுடுங்க". எனர்ஜி ஸ்டார் பரிந்துரையும் அதுதான். போடலாம், ஆனா கணக்கைப் பார்த்துட்டுப் போடலாமே.

ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறன். மணிக்கு வெளியேறும் வெப்பம் = பரப்பளவு × வெப்பநிலை வித்தியாசம் ÷ ஆர். 1000 சதுர அடி, உள்ளே 70, வெளியே 30 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துக்கொள்வோம். ஆர்-10 என்றால் 4000 பிடியூ போகும். ஆர்-20க்கு 2000, ஆர்-40க்கு 1000, ஆர்-60க்கு 667. அதாவது 10லிருந்து 20க்குப் போனால் 2000 மிச்சம். 40லிருந்து 60க்குப் போனால் வெறும் 333!

அதனால முதல்ல இன்ச் டேப்போட மேலே ஏறி, இப்ப எவ்வளவு இருக்குன்னு அளந்துடுங்க. (கட்டைமேல மட்டும் கால் வைங்க. நடுவுல இருக்கற ஜிப்சம் போர்டு ஆள் பாரம் தாங்காது.) ஊதிப் போட்ட செல்லுலோஸ் அங்குலத்துக்குச் சுமார் ஆர்-3.5, ஃபைபர்கிளாஸ் 2.5. மூணு அங்குலம்தான் இருக்கா, யோசிக்காம சேருங்க. ஊதற மெஷினும் ஆளும் எப்படியும் வரணும், ஒரே தடவைல ஆர்-49க்கு மேலேயே போயிடலாம். ஏற்கெனவே 12 அங்குல செல்லுலோஸ் இருந்தா விட்டுடலாம் என்பது என் கட்சி.

இந்தச் சூத்திரத்துக்குள் வராத ஒண்ணு காற்றுக்கசிவு. விளக்கு, குழாய், அட்டிக் கதவு ஓரங்களில் உள்ள சந்து வழியா சூடான ஈரக்காற்று ஏறி, கூரைப் பலகையில் தண்ணீராகப் படியும். மேலே பஞ்சு கொட்டிட்டா அந்தச் சந்துகள் கண்ணுக்கே தெரியாது. கொட்டறதுக்கு முன்னாடியே அடைச்சுடணும். இறவாணத்துக் காற்றுத்துளைகளை மட்டும் அடைக்கக்கூடாது.