கழக்கூட்டத்தில் கைதட்டல்

வெறுங்கையில் பூ பூக்கிறது; அரங்கம் கைதட்டுகிறது. வித்தை காட்டியவர் ஆட்டிசம் உள்ள இளைஞர். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில், கின்ஃப்ரா திரைப்பட வளாகத்திலுள்ள மேஜிக் பிளானட்டுக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் காணும் காட்சி இது.

2014இல் மாயாஜாலக் கலைஞர் கோபிநாத் முதுகாடு தொடங்கிய இந்த இடம், மாங்கொட்டையைக் கண்ணெதிரே செடியாக்கிய தெரு வித்தைக்காரர்களின் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் மாதிரி. 2019இல் இங்கேயே டிஃபரன்ட் ஆர்ட் சென்டர் உருவானது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பாட்டு, நடனம், ஓவியம், மேஜிக் கற்றுப் பார்வையாளர்கள் முன் மேடை ஏறுகிறார்கள். அவர்களுக்காகவே நேரத்தைச் செலவிட, சுமார் 45 ஆண்டுகள் நடத்திவந்த தொழில்முறை நிகழ்ச்சிகளுக்கு 2021இல் முழுக்குப் போட்டார் முதுகாடு.

மேடை குறைபாட்டைக் குணப்படுத்தாது. ஆனால் தினசரிப் பயிற்சிக்கு ஓர் இலக்கைத் தருகிறது. இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்களை உறுத்தும் கேள்வி ஒன்றுதான்: நமக்குப் பிறகு இவனுக்கு யார்? அதற்கு எந்த மந்திரத் தொப்பியிலும் விடை இல்லை. கைவசம் ஒரு தொழில் இருந்தால் பாதி பதில் கிடைத்த மாதிரி. மீதி, டிக்கெட் வாங்கி வருபவர்கள் பரிதாபப்படுகிறார்களா, ரசிக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.