மேடைக்குச் சொல் தந்தவர்

ஓபரா எனப்படும் ஐரோப்பிய இசைநாடகத்தில் பாத்திரங்கள் பெரும்பாலும் பாடியே உரையாடுவர். பாட்டெழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் வேறொருவர். மோட்சார்ட்டின் பெயரை உலகறியும். அவருடைய மூன்று நாடகங்களுக்குப் பாட்டெழுதிய இத்தாலியரான லொரன்சோ டா போன்டேயை அறிந்தோர் சிலரே. தமிழ் மேடையில் அத்தகைய பணியை ஆற்றியவர் சங்கரதாஸ் சுவாமிகள். ஆனால், இவர் மறக்கப்படவில்லை.

கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி அமைந்துள்ள இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கர். பின்னர் நாடகமே வாழ்வாயிற்று. இரணியன், இராவணன், எமன் முதலிய வேடங்களில் நடித்தும் புகழ்பெற்றார்.

அக்கால நடிகர் பலர் மேடையில் தம் மனம்போன போக்கில் பேசினர். ஒருவரை ஒருவர் மடக்குவதே குறியானபோது கதை பின்தள்ளப்பட்டது. இந்நிலையில், பாடலும் உரையாடலும் வரையறுத்த நாடகங்களைச் சுவாமிகள் எழுதினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலியவை அவற்றுள் சில. மெட்டுக்கேற்பச் சொல்லமைத்தவரும் அவரே. நடிகருக்கு அதனைப் பயிற்றுவித்த ஆசிரியரும் அவரே. வளர்ந்த நடிகரைக் கட்டுப்படுத்துதல் அரிதாகவே, சிறுவரைக் கொண்ட குழுக்களின்பால் அவர் கவனம் சென்றது. 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அதில் சேர்ந்தபோது தி.க. சண்முகத்திற்கு வயது ஆறு. அச்சிறுவனுக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோவில் திருவிழாக்களில் இன்றும் ‘ஸ்பெஷல் நாடகம்’ நடைபெறுகிறது. வள்ளியாக நடிப்பவர் ஓரூரினர். நாரதராக நடிப்பவர் வேற்றூரினர். அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்தித்திருப்பர், ஒத்திகையும் இல்லை. எனினும் விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ தடையின்றி நடக்கிறது. சுவாமிகளின் பாடல்கள் இருவருக்கும் மனப்பாடம் என்பதே காரணம். பாடல்களுக்கு இடையே வள்ளியும் நாரதரும் தத்தம் திறனுக்கேற்பத் தருக்கம் புரிவர். தாம் கட்டுப்படுத்த முயன்ற அதே சொற்போரைச் சுவாமிகள் காண நேர்ந்தால் என்ன சொல்வாரோ! ஆயினும், அங்கே கதை பின்தள்ளப்படுவதில்லை; தருக்கம் எங்குச் சென்றாலும் அடுத்த பாடலுக்குத் திரும்பியே ஆகவேண்டும்.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த சுவாமிகள், 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய நினைவிடத்தில் நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் கூடி வணங்கி வருகின்றனர்.