பதின்மூன்று டிகிரி தூரம்

தண்ணீர் வந்த வழி – 9

மேற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஏப்ரல் மாதத்து மதியம் மூன்று மணிக்குக் குளிக்கப் போகிறவருக்கு கீசர் வேண்டாம். மொட்டைமாடி வீடாக இருந்தால் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே போதும். கை வைத்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி செய்த வேலை அது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 1891-ல் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் காப்புரிமை பெற்று விற்ற ‘கிளைமாக்ஸ்’ என்ற சூரிய வெந்நீர்க் கருவியும் ஏறக்குறைய இதேதான். ஒரு பெட்டிக்குள் கறுப்பு வண்ணம் பூசிய தொட்டிகள், மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். மட்டாஞ்சேரித் தொட்டிக்கு அந்தப் பெட்டியும் கண்ணாடியும் கிடையாது. அதனால் பகலில் சேர்த்த சூட்டை ராத்திரியில் விட்டுவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு அதே தொட்டித் தண்ணீர் 26, 27 டிகிரிக்கு இறங்கியிருக்கும்.

உடம்புக்கு இதமான ஷவர் நீர் ஏறக்குறைய 40 டிகிரி. ஆக, இந்த ஊர்க்காரர் கடக்க வேண்டிய தூரம் 13 டிகிரி. லண்டனில் ஜனவரி மாதம் குழாயில் வரும் தண்ணீருக்கு இந்தத் தூரம் 30 டிகிரிக்கும் மேல். இந்தக் குட்டித் தூரத்தைக் கடக்கத்தான் மட்டாஞ்சேரியின் வீடுகளில் விறகு முதல் ஹீட் பம்ப் வரை எல்லாம் வந்து சேர்ந்தன. எது பொருந்தும் என்பதை விளம்பரப் பலகைகளைவிட இந்த ஊரின் தண்ணீரும் ஓட்டுக்கூரையும் மழையும் நன்றாகச் சொல்லும்.

முதலில் கணக்கு. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 13 டிகிரி உயர்த்த 0.3 யூனிட் மின்சாரம் போதும். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் எட்டு நிமிடம் நின்றால் 64 லிட்டர். அதற்கு ஏறக்குறைய ஒரு யூனிட். வாளியிலிருந்து ஷவருக்கு மாறியபோதே வீட்டின் வெந்நீர்த் தேவை மூன்று மடங்காகிவிட்டது. கருவியைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

மின்சாரம் வருவதற்கு முன்னால், கேரள வீடுகளின் பின்கட்டில் பெரிய செம்புப் பாத்திரம் அடுப்பேறியது. எரிபொருளுக்குக் காசு இல்லை: தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி. தமிழ்நாட்டு வீடுகளில் நடுவில் நெருப்புக் குழாய் ஓடும் செப்பு ‘பாய்லர்’ இருந்தது. குஜராத்தி வீடுகளில் அதன் உறவுக்காரனுக்குப் பெயர் ‘பம்போ’. தமிழர்களும் குஜராத்திகளும் கொங்கணிகளும் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழும் மட்டாஞ்சேரியில் இவற்றின் கதை ஒவ்வொரு சமையற்கட்டிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லப்படும். தமிழ் பாய்லரில் ஒரு வகை உண்டு. அதன் தலையில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வழியும். ஊற்றாவிட்டால் ஒரு துளியும் வராது. இந்தச் சின்ன உண்மையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் தொங்கும் இன்றைய கீசரின் ரகசியமும் இதுவே.

செம்புப் பாத்திரம் முழுக்க ஓய்வு பெறவில்லை. பிரசவித்த பெண்ணுக்குக் கேரளத்தில் ‘வேதுகுளி’ உண்டு. தமிழில் ‘வேது பிடித்தல்’ என்று சொல்லும் அதே வேதுதான். தைலம் தேய்த்து ஊறவைத்து, நால்பாமரம் எனப்படும் ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகளும் இலைகளும் போட்டுக் கொதித்த நீரைப் பொறுக்கும் சூட்டுக்கு விளாவி ஊற்றுவார்கள். ஒரு பெரிய பாத்திரமும் மணிக்கணக்கில் எரியும் அடுப்பும் இல்லாமல் அந்த நீர் தயாராகாது. அனுபவமுள்ள பெண்களின் உள்ளங்கைதான் அங்கே தெர்மாஸ்டாட். இந்த அறிவு ஷவருக்கு அடியில் காணாமல் போய்விடக் கூடாது.

‘கீசர்’ என்ற சொல் ஐஸ்லாந்திலிருந்து வருகிறது. அங்கே பூமியைப் பிளந்து பீறிடும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் தான் உருவாக்கிய குளியலறைக் கருவிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். எரியும் வாயுவின் சூடான புகைக்கு நடுவே தண்ணீர் வழிந்து இறங்கும், இறங்கும்போதே சுடும். ஆனால் புகையை வெளியேற்ற அதில் குழாய் இல்லை. அந்தக் குறை மாகனோடு முடியவில்லை.

இன்றைய கேஸ் கீசரும் ஓடும் நீரைச் சுடவைக்கிற கருவி. குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்தம் ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளும். அது வாயு வால்வைத் திறக்கும். டார்ச் பேட்டரி தரும் பொறியில் நெருப்பு பற்றும். 6 லிட்டர் மாடல் நிமிடத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி வரை உயர்த்தும். மட்டாஞ்சேரியின் 13 டிகிரி அதற்கு விளையாட்டு. கரண்ட் போனாலும் வேலை செய்யும். சமையல் சிலிண்டரிலேயே ஓடும். இரண்டு இடங்களில்தான் இடறும். மேல்தொட்டி தாழ்வாக இருந்து அழுத்தம் குறைந்தால் அந்த ரப்பர் தகடு அசையாது, நெருப்பும் பற்றாது. இது வெறும் தொல்லை. மற்றது உயிராபத்து. மூடிய சின்னக் குளியலறையில் வாயு எரியும்போது ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிக்கப் போனவர் உள்ளேயே மயங்கிக் கிடந்த செய்தி நாட்டில் ஏதாவதொரு மூலையிலிருந்து குளிர்காலந்தோறும் வருகிறது. நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜூ டவுனிலும் பஜார் சாலையிலும் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில், மாடிப்படிக்கு அடியில் பின்னாளில் தடுத்துக் கட்டிய ஜன்னலில்லாக் குளியலறையில், கேஸ் கீசரை மாட்டவே கூடாது. கருவியை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் வழி.

இனி, பெரும்பாலான வீடுகளில் இருக்கும் தொட்டிக் கீசர். 15 லிட்டர், 2 கிலோவாட் சூடேற்றும் ‘காயில்’. 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற 17 நிமிடம், அரை யூனிட்டுக்குச் சற்றே கூடுதல். 40 டிகிரி நீரில் குளிக்கப் போகிறவருக்கு 60 எதற்கு? மந்தமாகச் சுட்டு நிற்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி வளரும். 60 டிகிரியில் அது பிழைக்காது. இன்னொரு லாபமும் உண்டு. பச்சைத் தண்ணீர் விளாவும்போது இந்த 15 லிட்டர் 35 லிட்டருக்குக் குறையாமல் இதமான நீராகப் பெருகும். ஊட்டியில் இதே கீசர் 25 லிட்டரைத் தாண்டுவதே கடினம்.

பழைய பாய்லர் இங்கேதான் திரும்ப வருகிறது. கீசரின் அடிப்பக்கத்தில் பச்சைத் தண்ணீர் நுழைந்து மேலே நிற்கும் வெந்நீரைத் தள்ளுகிறது. உச்சியில் வாய் வைத்த குழாய் வழியே அது ஷவருக்குப் போகிறது. தள்ள நீர் இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்க 15 லிட்டர் உள்ளே நின்றாலும் ஷவர் சொட்டாது. மேற்குக் கொச்சிக்காரர்கள் இதை 2023 தொடக்கத்தில் பட்டே அறிந்தார்கள். மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து மரடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீரேற்றும் பாழூர் பம்பிங் நிலையத்தில் மோட்டார்கள் பழுதாகி, குழாய்கள் நாள்கணக்கில் வறண்டன. குடங்களும் வாளிகளும் டேங்கர் லாரிகளுக்கு முன்னால் வரிசை கட்டின. சுற்றிலும் காயலும் கடலும் சூழ்ந்த ஊர் நன்னீருக்கு எப்போதும் வெளியூர் ஆற்றையே நம்பி இருந்திருக்கிறது. உப்புக் கிணறுகளும் யானைக்காலும் ‘கொச்சின் லெக்’ என்ற பெயரை வாங்கித் தந்த காலத்தில் அலுவாவிலிருந்து படகில் நன்னீர் வந்தது.

அந்த உப்பு இன்றும் கீசரை விடவில்லை. ஆற்று நீர் மென்மையானது. ஆனால் குழாயில் வராத நாள்களில் பல வீடுகள் கிணற்றையோ ஆழ்குழாயையோ தொட்டியில் கலந்துவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்துள்ள நீர் சுடும்போது அந்தச் சத்து வெள்ளைப் படிவமாகக் காயில் மேல் ஒட்டும். படிவம் சூட்டை நீருக்கு விடாது. காயில் தானே வெந்து வெடிக்கும். உவர்நீரின் குளோரைடு தொட்டியின் உலோகத்தை அரிக்கும். கீசருக்குள் ஒரு மக்னீசியம் தண்டு உண்டு. தொட்டிக்கு வர வேண்டிய அரிப்பைத் தன் மேல் வாங்கிக் கரைந்து போவதே அதன் வேலை. காயில் மாற்றும்போது அந்தத் தண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் பெரும்பாலும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. தண்டு தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டியின் உடம்பில் ஆரம்பிக்கும்.

இடமில்லாத குளியலறைகளில் மூன்று லிட்டர் ‘இன்ஸ்டன்ட்’ தொங்குகிறது. 3 கிலோவாட். பெயர்தான் உடனடி, 13 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 3.3 லிட்டர் தரத்தான் அதற்குத் தெம்பு. ஷவரில் அது நூலாக இறங்கும், வாளிக்குச் சரி. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். பழைய வீட்டின் சன்னமான ஒயரில் அதை மாட்டுவது ஆபத்து. தனி ஒயரும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் இல்லாமல் எந்த வெந்நீர்க் கருவியும் குளியலறைக்குள் வரக் கூடாது.

பிரேசிலின் பல வீடுகளில் வெந்நீர்த் தொட்டியே இல்லை. ஷவர் தலைக்குள்ளேயே காயில், 5.5 கிலோவாட் இழுப்பது சாதாரணம். போர்த்துக்கீசியத் தலைவர் கப்ரால் 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்டு, அந்த வருடக் கடைசியில் கொச்சிக்கு வந்து சேர்ந்தவர். ஒரே கப்பல் தொட்ட இந்த இரண்டு வெப்பக் கரைகளும் வெந்நீருக்கு வேறு வேறு வழி பிடித்தன. அந்த ஷவர் மட்டாஞ்சேரிக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் தந்துவிடும். ஆனால் கேரளத்தில் ஒற்றை ஃபேஸ் இணைப்பின் எல்லையே 5 கிலோவாட். ஒரு ஷவருக்காக மூன்று ஃபேஸ் வாங்க வேண்டியிருக்கும்.

சோலார் நல்ல வழி, ஓர் இக்கட்டோடு. வெயில் பட்ட குழாயில் சுட்ட நீர் கனம் குறைந்து தானாகத் தொட்டிக்கு ஏறும், பம்ப் வேண்டாம். இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் வைத்த கண்ணாடிக் குழாய்கள் சேர்த்த சூட்டை எளிதில் இழப்பதில்லை. மொட்டைமாடித் தொட்டி ராத்திரி தோற்கிற இடத்தில் இது ஜெயிக்கிறது. ஆனால் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊர் இது. ஜூன், ஜூலையில் நனைந்து நடுங்கி வீடு திரும்புகிறவருக்கு வெந்நீர் கட்டாயம் வேண்டும். அன்றைக்குத்தான் வெயில் இருக்காது. தொட்டிக்குள் துணைக் காயில் வைத்தே ஆக வேண்டும். ஓட்டுக்கூரை வீடுகளுக்கு வேறொரு சிரமம்: 100 லிட்டர் நீர் மட்டுமே 100 கிலோ. நூற்றாண்டு கண்ட மரச்சட்டத்தின் மேல் அதை ஏற்றுவதற்கு முன் ஆசாரியைக் கேட்பது நல்லது.

மழையிலும் ஓடுகிற ஒரு கருவி இருக்கிறது. ஓட்டல்களில் நுழைந்துவிட்டது, வீடுகளுக்கு மெல்ல வருகிறது. ஹீட் பம்ப் என்பது குளிர்பெட்டியைத் திருப்பிப் போட்டது. ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டைப் பின்பக்கம் தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தொட்டி நீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் அளவு சூடு கிடைக்கும். குளிர்நாடுகளில் பனிக்காற்றிலிருந்து சூட்டைக் கறக்க அது திணறும். கொச்சியின் காற்றோ ராத்திரியும் 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, ஈரம் வேறு. அந்த ஈரம் கருவியின் குளிர்ந்த தகடுகளில் பனித்துளியாகப் படியும்போது தன்னிடமுள்ள சூட்டையும் கொடுத்துவிட்டுப் போகிறது. கீசரைவிடப் பல மடங்கு விலை, பெரிய பெட்டி, கொஞ்சம் இரைச்சல் என்பவைதான் தடை. நாலைந்து பேர் தினமும் ஷவரில் குளிக்கும் வீடு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குளிக்கத் தூண்டுகிற அதே புழுக்கம் உள்ளே இழுக்கப்பட்டு, 13 டிகிரியாக மாறி ஷவரில் இறங்குகிறது. பெட்டியின் மறுபக்கம் குளிர்ந்த காற்று வெளியேறுகிறது, அடியில் ஒரு குழாய் வழியே தண்ணீர் சொட்டுகிறது.

(அடுத்த வாரம்: ஃபோர்ட் கொச்சி வேளியின் டோபி கானாவும், அங்கே வந்து குடியேறிய தமிழ் வண்ணார் குடும்பங்களும்.)