மங்கலான டெமோவை நம்பலாம்

2020 ஜூலை 23 அன்று மைக்ரோசாஃப்ட் தன் புதிய கன்சோலுக்கு வரவிருந்த விளையாட்டுகளை இணைய நேரலையில் காட்டியது. ரசிகர்கள் காத்திருந்தது முக்கியமாக ‘ஹேலோ இன்ஃபினிட்’டுக்காகத்தான். 2001-இல் முதல் எக்ஸ்பாக்ஸை விற்றுக்கொடுத்ததே ஹேலோதான் என்பதால் அந்தப் பெயருக்கு அப்படியொரு மதிப்பு. சுமார் எட்டு நிமிட டெமோ ஓடி முடிந்தபோது உற்சாகம் வடிந்துவிட்டது. புல்வெளி தட்டையாகத் தெரிந்தது. பாறைகளில் ஆழமில்லை. தூரத்துப் பொருட்கள் கண்முன்னே திடீரென முளைத்தன. நாயகன் மாஸ்டர் சீஃப், பிரூட் என்ற எதிரி ஒருவனோடு மோதும் காட்சியில், அந்த எதிரியின் முகம் எந்த உணர்ச்சியும் இல்லாமல் திரையை நிறைத்தது. ரசிகர்கள் அவனுக்குக் ‘கிரெய்க்’ என்று பெயர் வைத்து, அந்த முகத்தைக் கேலிப்படமாக்கி உலகம் முழுக்கச் சுற்றவிட்டார்கள்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 11 அன்று வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. நவம்பர் 10-இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கடைக்கு வந்தபோது கூடவே வரவேண்டிய ஹேலோ வரவில்லை. கதை முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். ஆனால் 2021 டிசம்பர் 8-இல் வெளியான ஹேலோ இன்ஃபினிட் விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியது.

ஹேலோ வராமல்போன அதே 2020-இல் இன்னொரு விளையாட்டு வந்தது. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கிய ‘சைபர்பங்க் 2077’. அதன் டெமோவைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் குறைவு. முன்பதிவு மட்டுமே 80 லட்சம் பிரதிகள். டிசம்பர் 10-இல் வெளியாகி ஒரே வாரத்தில், சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அந்த அளவுக்குப் பழைய கன்சோல்களில் அது தடுமாறியது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நம் சந்தேகம் பெரும்பாலும் தவறான டெமோவின் மேல் பாய்கிறது. மங்கலான டெமோவில் கண்ணுக்குத் தெரியும் குறைகள் பலவும் காலம் கொடுத்தால் சரியாகக்கூடியவை. மின்னும் டெமோ மறைக்கும் குறைகள் அப்படிப்பட்டவை அல்ல. ஏன் இப்படி என்பதற்கு விடை கணினி வரைகலையின் உள்வேலையில் இருக்கிறது.

ஹேலோ டெமோ ஏன் தட்டையாகத் தெரிந்தது? முதல் காரணம் ஒளி. நிஜ உலகில் சூரிய ஒளி ஒரு பொருளில் பட்டதோடு நிற்பதில்லை. தரையில் பட்டுச் சுவருக்குத் தாவுகிறது. சுவரிலிருந்து கூரைக்குப் போகிறது. நிழலுக்குள் நின்றாலும் பொருட்களின் வளைவு நெளிவு நமக்குத் தெரிவது இந்தத் தெறிப்பொளியால்தான். விளையாட்டில் இதைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. சூரியன் ஒரே இடத்தில் நிற்கும் விளையாட்டாக இருந்தால், தெறிப்பு முழுவதையும் ஸ்டுடியோவிலேயே மணிக்கணக்கில் கணக்கிட்டு, விடையைச் சுவர்களிலும் தரையிலும் படமாகப் பதித்துவிடலாம். விளையாடும்போது கன்சோலுக்கு அந்த வேலையே இல்லை. படமும் அழகாக இருக்கும்.

ஹேலோ இன்ஃபினிட்டில் அது முடியாது. பரந்த வெளி, பகலும் இரவும் மாறிக்கொண்டே இருக்கும். சூரியன் நகர நகர ஒளியையும் அந்தந்தக் கணத்தில் கணக்கிட வேண்டும். டெமோவின் பெரும்பகுதி நிழலில் நடந்தது. நேரடி வெயில் இல்லாத இடத்தில், தெறிப்பொளியைத் தோராயமாக மட்டும் கணக்கிட்டால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். விளையாட்டுகளின் வரைகலையை நுணுக்கமாக ஆராயும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழு அப்போதே இதைச் சுட்டிக்காட்டியது. ஆக, சோம்பலால் வந்த குறை அல்ல அது. கடினமான வழியைத் தேர்ந்தெடுத்து, பாதி தூரத்தில் நின்று காட்டியதால் வந்த குறை.

இந்தக் கணக்குக்குக் கிடைக்கும் நேரத்தையும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிவினாடி. எதிரிகள் என்ன செய்வது என்று முடிவெடுப்பது, குண்டு எங்கே படும் என்பது, உடல்களின் அசைவு, ஒலி, ஒளி, நிழல் என எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். வினாடிக்கு 60 முறை என்றால் ஏறக்குறைய 50 கோடி பிக்சல்களுக்கு நிறம் சொல்ல வேண்டும். இவ்வளவையும் அந்த நேரத்துக்குள் அடக்கும் சிக்கனத்தை ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான் முழுமூச்சாகச் செய்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் காட்சிக்கு முன்கூட்டியே சிக்கனம் செய்வது வீண்வேலை. வெளியீட்டுக்கு முன் காட்டப்படும் எந்த நேர்மையான டெமோவும் அந்தக் கடைசிக்கட்ட வேலை முடியாத நிலையில்தான் இருக்கும்.

இத்தோடு நாம் பார்த்த வீடியோவின் குறையும் சேர்கிறது. 1080 வரிசைப் படத்தை வினாடிக்கு 60 ஃப்ரேமாகச் சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்குச் சுமார் 300 கோடி பிட் தேவை. யூடியூப் அத்தகைய வீடியோவைப் பதிவேற்றுபவர்களுக்குப் பரிந்துரைப்பது 1.2 கோடி பிட், அதாவது 250-இல் ஒரு பங்கு. மீதியெல்லாம் சுருக்கத்தில் போகிறது. எது முதலில் போகும்? புல்லின் நுனி, பாறையின் சொரசொரப்பு, மழைத்துளி, இருளுக்குள் இருக்கும் மெல்லிய நிற வேறுபாடு. அசையாத சுவர் தப்பித்துக்கொள்ளும். காற்றில் ஆடும் புல்வெளி குழம்பாகிவிடும். ஹேலோ காட்டியது புல்வெளியைத்தான்.

வீடியோவில் எந்தத் தரத்திலும் தெரியாத ஒன்று உண்டு. அது கையின் உணர்வு. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையிலுள்ள சில பத்து மில்லிவினாடிகளில்தான் ஒரு விளையாட்டு கைக்கு இதமாக இருக்கிறதா, கனக்கிறதா என்பது முடிவாகிறது. ஹேலோ டெமோவில் மாஸ்டர் சீஃப் ஒரு கொக்கிக் கயிற்றை வீசித் தாவிப் போவதைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டு வெளிவந்த பிறகு விமர்சகர்கள் அதிகமாகப் புகழ்ந்த அம்சங்களில் அந்தக் கொக்கிக் கயிறும் ஒன்று. கையில் பிடித்துப் பார்க்கும்வரை அதன் சுகம் யாருக்கும் தெரியவில்லை.

இனி மின்னும் டெமோவுக்கு வருவோம். அடுக்குமாடி விற்பவர்கள் கட்டடம் எழும் முன்பே ஒரு மாதிரி வீட்டை அலங்கரித்து வைப்பதுபோல, ஸ்டுடியோக்களும் விளையாட்டின் சிறு துண்டு ஒன்றை மட்டும் முழுமையாக மெருகேற்றி வைக்கிறார்கள். எந்த அறையில் யார் நிற்பார், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தவை. ஆடுபவரும் ஸ்டுடியோவின் ஆள். தப்பான பக்கம் திரும்ப மாட்டார். ஓடும் இயந்திரம் விலையுயர்ந்த கணினி. சில நேரம் விளையாட்டே ஓடுவதில்லை. 2005-இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 3-க்காகக் காட்டிய ‘கில்சோன் 2’ காட்சிகள் முன்பே தனியாக உருவாக்கிய அனிமேஷன் படம். உண்மையான விளையாட்டு வந்தது 2009-இல்.

2013-இல் வந்த ‘ஏலியன்ஸ்: கலோனியல் மெரீன்ஸ்’ இன்னும் கசப்பான கதை. டெமோவில் இருந்த ஒளியும் நிழலும் வெளியான விளையாட்டில் இல்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம்வரை புகார் போனது. அந்த டிரெய்லர்கள் இறுதி விளையாட்டைக் காட்டவில்லை என்பதைச் சொல்லும் அறிவிப்பைச் சேர்க்க, வெளியிட்ட சேகா நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2017 ஜூனில் பயோவேர் நிறுவனம் காட்டிய ‘ஆந்தம்’ டெமோவைப் பற்றிப் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் பிறகு விரிவாக எழுதினார். அந்த டெமோ தயாரான கட்டத்தில்கூட இந்த விளையாட்டு எப்படி இருக்கப்போகிறது என்பது அதை உருவாக்கியவர்களில் பலருக்கே தெளிவாக இல்லையாம். இந்தச் செய்தியில் எனக்கு வலிப்பது பணம் கொடுத்து ஏமாந்தவர்களின் நிலை மட்டுமல்ல. இத்தகைய டெமோவுக்காகப் பல கலைஞர்களும் நிரலாளர்களும் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பில் ஒரு பகுதி விளையாட்டுக்குள் வந்து சேர்வதே இல்லை.

சைபர்பங்க் விஷயத்தில் மறைந்திருந்தது என்ன? 2018-இல் மூடிய அறைகளில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்டு, பிறகு 48 நிமிட வீடியோவாக வெளிவந்த டெமோவில், நகரத் தெருக்கள் கூட்டத்தால் நிரம்பி வழிந்தன. நாயகி கைவாள்களைச் சுவரில் ஊன்றி ஏறினாள். அந்த வசதி இறுதி விளையாட்டில் இல்லை. அந்த டெமோவே ஏறக்குறைய முழுவதும் ஜோடனை என்று ஊழியர்களை மேற்கோள் காட்டிப் ப்ளூம்பெர்க் எழுதியது. ஸ்டுடியோவின் தலைவர் அதை மறுத்தார். அந்த விவாதத்தை விட்டுவிடுவோம். உண்மையான அடி வேறொரு இடத்தில் விழுந்தது.

அவ்வளவு நெருக்கமான நகரத்தில் வேகமாகக் கார் ஓட்டினால், அடுத்த தெருவின் கட்டடங்களும் மனிதர்களும் ஒலிகளும் வட்டிலிருந்து நினைவகத்துக்கு இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் சாதாரண ஹார்டு டிஸ்க். வினாடிக்கு நூறு மெகாபைட் அளவிலேயே அதனால் படிக்க முடியும். சிதறிக் கிடக்கும் தரவாக இருந்தால் அதுவும் குறையும். பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்எஸ்டி வினாடிக்கு 5.5 ஜிகாபைட் படிக்கிறது. பழைய கன்சோலில் கார் தெருவுக்குள் போய்விட்டது, தெரு வந்து சேரவில்லை. முகங்கள் மங்கலாகவும் சாலைகள் வெறிச்சோடியும் நின்றன. 2021 ஜனவரியில் நிறுவனத்தின் சார்பில் மார்சின் இவின்ஸ்கி வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டபோது, பழைய கன்சோல்களுக்கான இந்தத் தரவுப் பாய்ச்சல்தான் பெரும் பிரச்சினை என்று சொன்னார்.

இது கடைசி மாத மெருகால் தீரக்கூடியதா? இல்லை. இது அஸ்திவாரம். இதை வெளியே யாரும் முன்கூட்டியே பார்க்கவும் முடியவில்லை. 2020 ஜூனில் பத்திரிகையாளர்கள் முதல்முறை விளையாடிப் பார்த்தது தூரத்திலிருந்த சக்திவாய்ந்த கணினியில், இணையம் வழியாக. வெளியீட்டுக்கு முன் விமர்சனத்துக்குக் கொடுக்கப்பட்டதும் கணினிப் பிரதிதான். சாதாரண பிளேஸ்டேஷன் 4-இல் விளையாட்டு எப்படி ஓடுகிறது என்பதை வெளியீட்டு நாள்வரை காட்டவில்லை. அதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பிறகு பல ஆண்டு உழைத்து 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பைக் கொண்டுவந்து விளையாட்டை மீட்டெடுத்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிப்பு பழைய கன்சோல்களுக்கு வரவே இல்லை.

ஒரு பொருளின் மேல் நமக்கு வரும் திருப்தி அதன் தரத்தால் மட்டும் உண்டாவதில்லை. எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியும் அதைத் தீர்மானிக்கிறது என்று ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் எழுதினார். நுகர்வோர் உளவியலில் இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. ஹேலோவின் மங்கலான டெமோ எதிர்பார்ப்பைக் கீழே இறக்கியது. ஓராண்டுக்கு மேல் கழித்து வந்த விளையாட்டு அதைத் தாண்டியது. சைபர்பங்க் எதிர்பார்ப்பை வானளாவ ஏற்றிவிட்டு அங்கிருந்து விழுந்தது.

ஹேலோ ரசிகர்களின் சந்தேகம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூச்சல்தான் நிறுவனத்துக்கு ஓராண்டு அவகாசத்தை வாங்கித் தந்தது என்றே நினைக்கிறேன். 2021 அக்டோபரில் வந்த புதிய வீடியோவில் ஒளி மாறியிருந்தது, பிரூட்டுகளுக்குத் தாடி இருந்தது. ஆனால் எல்லோரும் கிரெய்க்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்க வேண்டிய கேள்வி ஒன்று போதிய அழுத்தம் பெறவில்லை: நண்பர்களோடு சேர்ந்து கதைப்பகுதியை ஆட முடியுமா? ஹேலோவின் உயிரே அதுதான். வெளியான நாளில் அந்த வசதி இல்லை. இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் வசதி 2022 நவம்பரில்தான் வந்தது. ஒரே சோஃபாவில் அமர்ந்து ஒரே திரையைப் பிரித்துக் கதைப்பகுதியை ஆடும் வசதி கைவிடப்பட்டது.

அதனால் அடுத்த முறை ஒரு டெமோ வரும்போது புல்லையும் முகத்தையும் விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கவனியுங்கள். எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்று சொல்கிறார்களா? ஆடுபவர் நினைத்த இடத்துக்குத் திரும்புகிறாரா, தண்டவாளத்தில் போவதுபோல் போகிறாரா? வெளியாட்களின் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்திருக்கிறார்களா? ஹேலோவின் பலர் சேர்ந்து ஆடும் பகுதியை 2021 ஜூலையிலேயே ரசிகர்களுக்குச் சோதிக்கக் கொடுத்தார்கள். நம்பிக்கை திரும்பியதில் பாதி அங்கேதான். விமர்சகர்களுக்கு எந்தக் கருவிக்கான பிரதி போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் கருவியில் ஓடும் காட்சியை வெளியீட்டு வாரம்வரை காட்டாமல் இருந்தால், அதுவே போதுமான எச்சரிக்கை.

இணையத்தில் விற்கும் பிரதி ஒருபோதும் தீர்ந்துபோவதில்லை. ஆகவே முன்பதிவு செய்து நீங்கள் அடையும் லாபம் மிகக் குறைவு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் வாங்குபவர்கள் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் முன்பதிவுக்குப் பணம் கேட்டால், வெளியாகி ஒரு வாரம் போகட்டும், உன் கன்சோலில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்று சொல்லுங்கள்.